நெருக்கி நடுகிற கை

முதல் படத்தின் முன்னால் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தின் பின்சுவர்தான். வருடக்கணக்காகப் புகை ஏறி, மழையில் ஓதம் ஏறி, அதன்மேல் மறுபடியும் புகை ஏறிய சுவர். அதற்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி இரண்டு தலைமையாசிரியர்களிடம் மனு கொடுத்து அலுத்திருக்கிறேன். இங்கே அதே சுவரை ஆறடிக்கு நாலடியாக வெட்டி மாட்டி, மேலே மஞ்சள் விளக்குப் போட்டு, பக்கத்தில் ஒரு பெண்ணைக் காவலுக்கும் நிறுத்தியிருந்தார்கள்.

மொத்தம் பதினோரு படங்கள். பதினொன்றும் கறுப்பு. கறுப்பில் தடிப்பு, கறுப்பில் வெடிப்பு, கறுப்பில் சிரங்கு காய்ந்த மாதிரி பொருக்கு. தஞ்சாவூர்க்காரர்களுக்குப் படம் என்றால் தங்க ரேக்கு ஒட்டிய கிருஷ்ணர். கொழுகொழுவென்று கன்னம், கையில் வெண்ணெய். அதில் கறுப்புக்குக் கண் மையைத் தாண்டி வேலை கிடையாது. அந்த ஊரில் குளிர்சாதனம் போட்ட ஒரு கூடத்தைப் பிடித்து, வாசலில் ‘கருஞ்சேற்றின் மௌனம்’ என்று பேனர் கட்டியிருந்தார் ஓவியர். வந்திருந்தவர்களும் பேனருக்கு மரியாதை கொடுத்துக் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். இழவு வீட்டில்கூட இதைவிடச் சத்தமாகப் பேசுவோம்.

தாடி வைத்த ஒருவர் இரண்டாவது படத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரமாக நின்றார். “நாம இருளைப் பாக்கல. இருள்தான் நம்மளப் பாக்குது” என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் கண்ணை மூடித் திறந்தார். நான் வேதியியல் ஆசிரியை. பார்க்கிறவன் யார், பார்க்கப்படுவது எது என்பதில் எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை.

நானாக வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கிளம்பி, எதிரே பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கூட அம்மா வந்திருந்தாள். சரியாகச் சொன்னால் அம்மாதான் என்னை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பதினோரு படங்களில் ஒன்று அவள் போட்டது.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் கிராமத்தில் தனியாக இருக்கிறாள். இன்றைக்கும் நடவுக்குப் போகிறாள். நடவு மிஷின் திரும்ப முடியாத மூலைகளும் வரப்போரங்களும் அவளுக்கும் அவள் கூட்டத்துப் பெண்களுக்கும்தான். இதை நிறுத்தச் சொல்லி நான் பத்து வருடமாகச் சண்டை போடுகிறேன். முட்டி வலி, இடுப்பு வலி, பாம்பு பூச்சி என்று காரணம் அடுக்குவேன். உண்மையான காரணம் வேறு. என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் பஸ்ஸில் அந்த வழியாக வருகிறவர். ஒரு நாள் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும், “உங்க அம்மாவ வயல்ல பாத்தேன் டீச்சர். இந்த வயசுலயும் என்ன வேகமா நடுறாங்க!” என்றார். பாராட்டித்தான் சொன்னார். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

போன வருடம் தஞ்சாவூரில் வீடு கட்டினோம். வெள்ளை டைல்ஸ் போட்ட கூடம். கேட்டுக்கு உள்ளே, செம்பருத்திச் செடி ஓரமாக, கால் கழுவ ஒரு குழாய் வைக்கச் சொன்னேன். வருகிற எல்லோருக்கும் என்று கொத்தனாரிடம் சொன்னேன். இதுவரை அதில் கால் கழுவியிருக்கிற ஒரே ஆள் அம்மா. புதுமனை புகுவிழாவுக்கு நல்ல கெட்டிக் காகிதத்தில் அழைப்பிதழ் அடித்து, மூலையில் மஞ்சள் தடவி, முதல் பிரதியை அம்மாவிடம்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதை முன்னும் பின்னும் திருப்பினாள். விரலை வைத்து மெதுவாக மேலிருந்து கீழே வந்தாள். “நல்லாருக்கு” என்று சொல்லிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். காகிதத்தின் வழவழப்பை ரசிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி ஓவியர். அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அதாவது, ஊரில் பாதி வயல் அவருடைய தாத்தா பேரில் பட்டா இருந்தது. இவர் படித்தது மெட்ராஸில், அப்புறம் வெளிநாட்டில். அங்கே இருக்கும்போது சொந்த மண் அவரைக் கூப்பிட்டதாம். கண்காட்சித் துண்டறிக்கையில் அப்படித்தான் போட்டிருந்தது. எங்களையெல்லாம் அந்த மண் கூப்பிட்டதே இல்லை. விடியற்காலையில் அவர் வீட்டுக் காரியக்காரர் வந்துதான் கூப்பிடுவார்.

சம்பா நடவு முடிந்து கை சும்மா இருந்த நேரத்தில், ஒரு வேன் நிறையப் பலகைகளோடு அவர் எங்கள் தெருவுக்கு வந்திருக்கிறார். பத்து பெண்களை நாலு நாளைக்கு வேலைக்கு அழைத்திருக்கிறார். அன்றைக்குச் சாயங்காலம் அம்மா போனில் சொன்னதை நான் விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டேன்.

“களத்துல பலகையப் போட்டு வச்சிருக்குடி அந்தத் தம்பி. மொத நாளு சேறு மிதிக்கச் சொன்னிச்சு. ஆசாரி பசைய பக்கெட் பக்கெட்டா ஊத்துது. அப்பறம் பலகையில கொட்டி அமுக்கச் சொல்லுது. அப்பறம் வைக்கோலக் கத்திரிச்சுக் குடுத்து, நாத்து நடுற மாதிரி நடுங்கங்குது. இதுல என்ன தம்பி வெளையும்னு கேட்டோம். சிரிக்குது.”

“சரிம்மா.”

“ஆளுக்கு ஒரு பலகை. நாம நட்டது நம்ம படமாம். பேரெல்லாம் போடுவேம்மான்னு சொல்லியிருக்கு.”

“சரிம்மா, வச்சிடட்டுமா?”

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நூறு நாள் வேலைக்குப் போன இடத்தில் கைநாட்டு வைக்கக் கூசி, தன் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டவள். ஆறு எழுத்து. அந்த ஆறும் எங்கே சேர்ந்து இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ரேஷன் கார்டில், வாக்காளர் சீட்டில், கூட்டுறவு வங்கிப் பாஸ்புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டுவாள். அதனால்தான் கண்காட்சி என்று காதில் விழுந்ததும் அவளை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தஞ்சாவூரில் என் பெயரை எழுதிப் படம் மாட்டியிருக்கிறார்கள், என் மகள் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டுவாள் என்று. மற்ற ஒன்பது பெண்களும், தங்கள் பெயரையும் ஃபோட்டோ எடுத்து வரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முதல் பஸ் பிடித்து வந்தாள். புதுமனை புகுவிழாவுக்குக் கட்டிய அதே பச்சைச் சேலை. குழாயில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்து, ஒரு வாய்க் காப்பி குடித்துவிட்டு, “கெளம்பு கெளம்பு” என்று ஒரே பிடிவாதம்.

அந்தக் கூடத்தில் அம்மா படங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. அதைத்தான் பார்த்தாள். மூக்கு அட்டையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, ஆறு எழுத்தைத் தேடிவிட்டு, அடுத்த அட்டைக்கு நகர்ந்தாள். அட்டையின் கீழே கறுப்புக் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் கோடு இருந்தது.

“இது எதுக்குடி, டீக்கடையில இருக்காப்ல? காசு போடணுமா?”

“ஃபோன்ல காட்டுனா, படம் என்ன சொல்லுதுன்னு வரும்மா.”

“பாத்தாத் தெரியாதா?” என்றாள். கூடத்தில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

நடுச்சுவரில் இருந்தது மற்றவற்றைவிட இரண்டு மடங்கு பெரிய படம். கரும்பரப்பு முழுக்க வைக்கோல் தூர்கள் அங்கங்கே சாய்ந்தும் நசுங்கியும் கிடந்தன. நடுவே குழி குழியாகக் கால் தடங்கள். தாடிக்காரர் இப்போது இங்கே வந்து, ஒடுக்கப்பட்டவர்கள் மேல் ஏறி நடந்த வரலாற்றின் பாதங்கள் இவை என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாறு பேர் தலையாட்டினார்கள். அம்மா முதன்முறையாக அட்டையை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தாள். பார்த்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“என்னம்மா?”

“இதப் பொம்பள நடலடி. யாரோ முன்னால போயி நட்டிருக்கான். நட்டது மேலயே மிதிச்சிக்கிட்டுப் போயிருக்கான் பாரு.”

நடவு நடுகிறவர்கள் பின்னால்தான் போவார்கள். குனிந்த வாக்கில் முன்னால் நட்டுக்கொண்டே ஒவ்வோர் அடியாகப் பின்வைப்பார்கள். கால் தடம் விழுந்த இடத்தில் அடுத்த நாற்று வந்துவிடும். நட்ட வயலில் தடம் இருந்தால் அது மாட்டுடையதாக இருக்கும், இல்லை சும்மா பார்க்க வந்தவருடையதாக இருக்கும். வரலாற்றின் பாதங்கள் யாருடையவை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ‘அது நான் போட்டது’ என்று ஓவியர் பிற்பாடு அவர் வாயாலேயே சொன்னார்.

“இதுக்கு மௌனமுன்னா போட்டிருக்கு?” என்று வாசலில் நான் படித்துக் காட்டியதை நினைவு வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள். “நாலு நாளும் எங்கள்ல ஒருத்தி வாய மூடல. அந்தத் தம்பிக்குக் காதே அடச்சுப்போச்சு.”

ஏழாவது படத்தின் முன்னால் அவள் நின்றுவிட்டாள். அட்டையைப் பார்க்கவேயில்லை.

“இதான்.”

“எப்படிம்மா சொல்ற? எல்லாமே ஒரே கரியா இருக்கு.”

“என் கை நெருக்கம்டி. பாரு.”

வயலில் நட்டிருப்பதைப் பார்த்து இது இன்னார் கை என்று அந்தப் பெண்கள் சொல்லிவிடுவார்கள். ஒருத்தி கை அகலம், ஒருத்தி ஆழமாக ஊன்றுவாள், ஒருத்திக்குக் கோடு இடது பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அம்மாவுடையது நெருக்கி நடுகிற கை. அதற்காக நாற்று வீணாகிறது என்று வயல்காரர்களிடம் வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கியிருக்கிறாள். நான் தலையைச் சாய்த்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். விளக்கு வெளிச்சம் மேடு பள்ளத்தில் விழுந்தபோது, கரிக்கு அடியிலிருந்து வரிசைகள் எழுந்து வந்தன. நெருக்கமான, பிசகாத வரிசைகள். ஒவ்வொரு தூரின் அடியிலும் கட்டைவிரல் அமுக்கிய சின்னக் குழி. ராத்திரி மழையில் நனைந்த வயலை விடிவதற்கு முன்னால் வரப்பில் நின்று பார்த்தால் இப்படித்தான் இருக்கும். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததில் எனக்கு எரிச்சலாகவும் இருந்தது.

அம்மா கையை நீட்டி ஒரு குழியில் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

“ஐயையோ, தொடக்கூடாது பாட்டி!” என்று காவல் பெண் ஓடி வந்தாள்.

“நான் நட்டத நான் தொடக் கூடாதாம்மா?” என்றாள் அம்மா. கோபமாக இல்லை, விஷயம் தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பாவம், இப்படி ஒரு கேள்விக்கு யாரும் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

“எம் பேரு இருக்கா பாரு” என்றாள் அம்மா என்னிடம்.

அட்டையில் மேலே ஓவியரின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதன் கீழே ‘கருஞ்சேற்றின் மௌனம் – 7’. அதன் கீழே சின்ன எழுத்தில்: ‘சேறு, வைக்கோல், கரி, பசை, நடவுப் பெண்களின் கைகள். பலகையில்.’

செய்முறைத் தேர்வுக்குத் தேவையான பொருட்களை நான் கரும்பலகையில் இப்படித்தான் எழுதிப்போடுவேன். சோதனைக் குழாய், பிப்பெட், நீர்த்த அமிலம். பசைக்கும் பலகைக்கும் நடுவில் என் அம்மாவின் கைகளை வைத்திருந்தார்கள்.

“இல்லம்மா.”

“நல்லாப் பாரு. சின்ன எழுத்துல எங்கயாச்சும் இருக்கும்.”

“இல்லம்மா. கைன்னு போட்டிருக்கு. யார் கைன்னு போடல.”

அவள் மறுபடி குனிந்து தானே ஒருமுறை பார்த்தாள். விரலை வைத்து, மேலிருந்து கீழே.

அதற்குள் ஓவியரே வந்துவிட்டார். கதர் ஜிப்பா, காலில் செருப்பில்லை. குளிர்சாதன அறையில் அவர் ஒருவர்தான் வெறுங்காலோடு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தார், மண் கிரானைட்டாக இருந்தாலும். “அம்மா! வாங்க வாங்க! எவ்ளோ சந்தோஷம்!” என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நிஜமான சந்தோஷம்தான், அதில் நடிப்பு இல்லை. அம்மாவின் அப்பா அந்த வீட்டு ஆட்களை ‘ஆண்டே’ என்று கைகட்டி நின்று கூப்பிட்டவர். அம்மா, “நல்லா இருக்கியா தம்பி?” என்றாள். நாடு அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது.

“பேரு போடுறேன்னு சொன்னீங்களாமே?” என்று நான் ஆரம்பித்தேன்.

“நீங்க அம்மாவோட டாட்டரா? டீச்சர்தானே? சொல்லியிருக்காங்க.” தாடையைத் தடவினார். “யோசிச்சேன் டீச்சர். ரொம்ப யோசிச்சேன். பேரு போட்டா அது தனித்தனி ஆளா சுருங்கிடுது. இது ஒரு கூட்டு உழைப்போட குரல். பேரில்லாததுதான் இதோட பலம்.”

“அப்ப உங்க பேரு எதுக்குங்க மேல இருக்கு? உங்களுக்கு அந்தப் பலம் வேண்டாமா?”

தாடிக்காரர் இருமினார். ஓவியர் சிவந்துபோனார். அடுத்த ஊர்க் கண்காட்சியில் கண்டிப்பாகத் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எல்லோருக்கும் நன்றி போடுவதாகச் சொன்னார். நான் விடவில்லை. பத்து பேர் பெயரை எழுத எவ்வளவு இடம் ஆகும், கியூஆர் கோடுக்கு இடம் இருக்கிறதே என்றேன். பசை என்று எழுதினீர்களே, அதற்குமுன் ஒரு மனுஷி பெயர் எழுதக் கை வரவில்லையா என்றேன். கூடத்தின் மௌனம் முழுசாகக் கலைந்தது. எனக்குப் பேசப் பேச ருசியாக இருந்தது. ஆசிரியர் அறையில் தலை குனிந்த நாளுக்கும் சேர்த்துப் பேசினேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

அம்மா என் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். ஓவியரைப் பார்த்து, “நல்லாருக்கு தம்பி” என்றாள். அவர் தப்பித்த மூச்சை விட்டு, அம்மாவைப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டார். அம்மா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நேராக நின்றாள். வாக்காளர் அட்டைக்கு நிற்பதைப் போல.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தேன். தாத்தா கைக்குக் கூலி கொடுத்தான், பேரன் கையையே எடுத்து ஒட்டிக்கொண்டான் என்றேன். இத்தனை வருடம் வெளிநாட்டில் படித்து ஒரு பெயரை எழுதத் தெரியவில்லை என்றேன். தெருவில் எல்லோருக்கும் என்ன பதில் சொல்லுவாய், நாளைக்கே அந்த ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றேன். மணிமண்டபம் சிக்னலில் வண்டி நின்றது. அம்மாவின் வாய் என் காதருகில் இருந்தது.

“வுடுடி” என்றாள். “உன் வூட்டுப் பத்திரிகையிலயும்தான் தேடுனேன்.”

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அந்த அழைப்பிதழ் எனக்கு மனப்பாடம். நானே மூன்று முறை பிழை திருத்தியது. மாமனார் பெயர், பின்னால் ‘ஓய்வு, வருவாய்த் துறை’. மாமியார் பெயர், பின்னால் ‘ஓய்வு, தலைமைச் செவிலியர்’. கணவர் பெயர், பொறியாளர். என் பெயர், எம்.எஸ்சி., பி.எட். கொழுந்தனார், துபாய். செத்துப்போன என் அப்பாவுக்குக்கூட முன்னால் போடத் ‘தெய்வத்திரு’ இருந்தது. உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு முன்னால் போடவும் ஒன்றுமில்லை, பின்னால் போடவும் ஒன்றுமில்லை. அச்சகத்துக்காரர் கேட்கத்தான் கேட்டார், “உங்க அம்மா பேரு வரலையே டீச்சர்?” என்று. இடம் இல்லைங்க, நெருக்கமா இருக்கு என்றேன். ‘கூட்டு உழைப்பு’ என்று அழகாகச் சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வெட்கமாக இருந்தது. வண்டியில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியில்லாததால் பிழைத்தேன்.

வீடு வந்தது. கேட்டைத் திறந்தேன். அம்மா எனக்கு முன்னால் உள்ளே போய், செம்பருத்திச் செடி ஓரம் குனிந்து, குழாயைத் திறந்துவிட்டாள். நாள் முழுக்க டைல்ஸிலும் கிரானைட்டிலும்தான் நடந்திருந்தாள். காலில் தூசுகூட இல்லை.

“கால்ல ஒண்ணுமில்லையேம்மா. அப்படியே உள்ள வா.”

“இருக்கட்டும்” என்று ஒரு பாதத்தின்மேல் இன்னொரு பாதத்தை வைத்துத் தேய்த்தாள். “பழகிப்போச்சு.”

அவள் தேய்த்து முடிக்கிறவரை நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு வெளியிலேயே நின்றேன்.